வெடித்த சன்ஷேட், இறங்கிய கிணற்றடி, ஒழுகும் தட்டு: கொங்கிரீட் பழுது பற்றி நம் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் கேள்விகள்

மாரி தொடங்க இன்னும் ஒன்றரை மாதம் என்கிறபோதுதான் நம் ஊர்களில் எல்லோருக்கும் வீட்டுச் சுவர் கண்ணில் படும். ஆவணி, புரட்டாசியில் என் தொலைபேசியில் படங்கள் வந்து குவியும். நான் இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து பொத்துவில் வரை வீட்டு வேலைகளில் நின்றவன். முதலில் கையாள், பிறகு மேசன், இப்போது மேற்பார்வை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பெரிய கட்டடங்களுக்கு இது பொருந்தாது. வீடு, மதில், முற்றம், கிணற்றடி, இவ்வளவுதான்.

சுவரிலும் தரையிலும் வெடிப்பு இருக்கிறது. எதற்குப் பயப்பட வேண்டும்?

வெடிப்பு பூச்சில் மட்டுமா, கொங்கிரீட்டிலும் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். சின்னச் சுத்தியலால் வெடிப்பின் இரண்டு பக்கமும் தட்டினால் தெரியும். கெட்டியான சத்தம் வந்தால் பூச்சு ஒட்டியிருக்கிறது. வெறும் பானையைத் தட்டின மாதிரிக் கேட்டால் உள்ளே பிரிந்துவிட்டது. அந்த இடம் முழுவதையும் சோக்கால் வட்டம் போட்டு வையுங்கள். தொடங்கும்போது உள்ளங்கை அளவு என்று நினைத்தது, தட்டித் தட்டிப் போகும்போது பாய் அளவுக்கு வரும்.

சிலந்தி வலை மாதிரி மயிர் அளவில் ஓடும் வெடிப்புகள் பெரும்பாலும் பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வந்தவை. பார்க்க நன்றாக இராது, ஆபத்து இல்லை. அளவு பார்க்க ஒரு வழி சொல்கிறேன். புகைப்படப் பிரதி எடுக்கும் தாள் மூன்றை ஒன்றாக வைத்தால் கிட்டத்தட்ட 0.3 மில்லிமீற்றர். வெடிப்பு அதற்குள் இருந்தால், அது வளராத வரை கவலையில்லை. வங்கி அட்டையின் தடிப்பு முக்கால் மில்லிமீற்றர். அட்டையின் விளிம்பு உள்ளே போகிறது என்றால் அந்த வெடிப்பைச் சும்மா விட முடியாது.

அகலத்தை விட முக்கியமானது, வெடிப்பு வளர்கிறதா என்பது. அதன் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். குறுக்கே இரண்டு புள்ளி வைத்து இடைத்தூரத்தையும் எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள், மழைக்குப் பிறகும் ஒருமுறை பாருங்கள். நின்றுபோன வெடிப்பை நிரப்பலாம். நிற்காத வெடிப்பை நிரப்பினால் பக்கத்தில் புதிதாக ஒன்று திறக்கும். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, படிக்கட்டுப் போலக் கல் வரிசையில் இறங்குவது, தூணைக் குறுக்கே வெட்டுவது, இவை நிலமோ பாரமோ சம்பந்தப்பட்டவை. பூச்சால் தீராது.

கம்பியின் மேலேயே நேர்கோடாக ஓடி, ஓரத்தில் பழுப்புக் கறை தெரிகிற வெடிப்பு இன்னொரு ரகம். அதற்கு அடுத்த பதில்.

சன்ஷேட்டில் கொங்கிரீட் பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறது. மேலே சீமெந்து பூசிவிட்டால் போதாதா?

போதாது. நம் பக்கத்தில் அதிகம் நடப்பது இந்தத் தவறுதான், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

நாவலடியில் ஒரு பெரியம்மா வீடு. சுனாமிக்குப் பிறகு கட்டியது. முன் யன்னலின் சன்ஷேட்டைக் காட்டி, "மனே, மூணு தரம் பூசிட்டன், மறுகாவும் விழுந்திட்டு" என்றார். ஏணி வைத்து ஏறித் தட்டிப் பார்த்தேன். மூன்று பூச்சும் மூன்று நிறத்தில், அடை அடுக்கி வைத்த மாதிரி இருந்தன. உளியை ஓரத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டியதும் மூன்றும் ஒரே பலகையாகக் கையில் வந்தன. அதன் பின்பக்கம் முழுவதும் துரு, பொடிப்பொடியாக, ஈரமாக. மூன்று மேசன்மாரும் அந்தத் துருவின் மேலேயே பூசிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இரும்பு துருவாகும்போது ஊதுகிறது. இருந்த இரும்பை விடத் துரு குறைந்தது இரண்டு மடங்கு இடம் கேட்கும், சில வகைத் துரு அதற்கு மேலும் கேட்கும். இறுகிய கொங்கிரீட்டுக்குள் அந்த இடம் இல்லை, ஆகவே அது கொங்கிரீட்டை வெளியே தள்ளுகிறது. நீங்கள் பூசும் அரை அங்குலச் சீமெந்து அந்தத் தள்ளுக்கு முன் ஒன்றுமேயில்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சன்ஷேட் சுவரிலிருந்து நீட்டி நிற்பது. அதைத் தாங்கும் முக்கியக் கம்பி மேல்பக்கத்தில் இருக்க வேண்டும். கொங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்துக் கம்பி கீழே இறங்கிவிடுவது அடிக்கடி நடக்கும். மேல்பக்கத்தில், சுவரோடு சேரும் இடத்தில், நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடினால் அதன் கீழே யாரும் நிற்க வேண்டாம், கதிரை போட்டுக் குந்தவும் வேண்டாம். முட்டுக் கொடுத்துவிட்டு, உடைத்துப் புதிதாகப் போடுவதே சரி. அடிப்பக்கம் மட்டும் பெயர்ந்திருந்தால் பழுது பார்க்கலாம்.

இனி வேலை முறை. முட்டுக் கொடுங்கள். வெறும் பானைச் சத்தம் வரும் இடம் எல்லாவற்றையும் உடைத்து எடுங்கள். ஓரத்தைச் சரிவாக விடாமல், கிறைண்டரால் 10 மில்லிமீற்றர் ஆழத்துக்கு நேராக வெட்டி, சதுரமாக்குங்கள். ஓரத்தில் கடதாசி போல மெலியும் பூச்சு முதல் வெயிலிலேயே சுருண்டு எழும். கம்பிக்குப் பின்னாலும் தோண்டுங்கள், ஒரு விரல் கம்பியைச் சுற்றிப் போக வேண்டும். கம்பியின் நீளத்தில், துரு முடிந்து சுத்தமான இரும்பு தெரிகிற இடத்தையும் தாண்டி இன்னும் 2 அங்குலம் போங்கள். "இவ்வளவு உடைக்கணுமா?" என்று வீட்டுக்காரர் முகம் மாறும். உடைக்கத்தான் வேண்டும். இரண்டு நாள் வேலையில் ஒன்றரை நாள் உடைப்பும் சுத்தமும் என்றால் அந்த மேசனை நம்பலாம்.

கம்பியைக் கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும் வரை தேயுங்கள். கடலோரமென்றால் நல்ல தண்ணீரால் கழுவி, உலர்த்தி, மறுபடி தேயுங்கள். உப்பு துருவின் குழிகளுக்குள் இருக்கும். பிறகு, திரும்பத் துரு பிடிக்கும் முன் அன்றைக்கே, கம்பிக்கான துருத்தடுப்புப் பூச்சை இரண்டு தரம் பூசுங்கள். ஹாட்வெயார் கடையில் கொங்கிரீட் கம்பிக்கு என்று கேட்டு வாங்குங்கள். கேற்றுக்கு அடிக்கும் பெயின்ற் இதற்கு உதவாது.

அடுத்து, பழைய கொங்கிரீட்டை முதல் நாள் இரவே நனையுங்கள். பூசும் நேரத்தில் அது தண்ணீர் குடித்து நிறைந்திருக்க வேண்டும், மேலே தண்ணீர் மினுங்கக் கூடாது. ஒட்டுவதற்கு எஸ்.பி.ஆர் என்று விற்கும் பால் போன்ற திரவத்தைத் தண்ணீரும் சீமெந்தும் சேர்த்துக் கூழாக்கி, தூரிகையால் தேய்த்துப் பூசி, அது ஈரமாக இருக்கும்போதே சாந்தை அழுத்துங்கள். கூழ் காய்ந்துவிட்டால் அது ஒட்டாது, வழுக்கும். சாந்து ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல். உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக் கூடாது. அடிப்பக்கத்தில் ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றாதீர்கள், பாரத்தில் தொங்கிப் பிரியும். முதல் படையைக் கீறி விட்டு, அடுத்த நாள் அடுத்த படை.

ஓடாவிமார் பலகைக்குப் பாவிக்கும் வெள்ளைப் பசையைச் சிலர் சாந்தில் கலக்கிறார்கள். அது ஈரம் பட்டால் மறுபடி இளகும். மழை படும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

கம்பி எவ்வளவு இற்றுப்போனால் மாற்ற வேண்டும்?

துருவைத் தேய்த்து எடுத்த பிறகு அளவுங்கள். 12 மில்லிமீற்றர் கம்பி 10.5 ஆகியிருந்தால் பார்வைக்குச் சின்ன வித்தியாசம், ஆனால் கிட்டத்தட்டக் கால்வாசி இரும்பு போய்விட்டது. அந்த அளவு வந்தால் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். இரண்டு பக்கமும் நல்ல கம்பியோடு கம்பித் தடிப்பின் 50 மடங்கு நீளம் சேர்ந்து ஓட வேண்டும். 12 மில்லிமீற்றருக்கு அது 2 அடி. ஆறு அங்குலம் வைத்துக் கட்டுக்கம்பியால் சுற்றிவிட்டால் இரும்புக்கு விலை கொடுத்ததுதான் மிச்சம்.

பூசிய இடம் நன்றாக நிற்கிறது. ஆனால் அடுத்த வருடம் அதன் பக்கத்தில் வெடிக்கிறது. ஏன்?

மருதமுனையில் ஒரு காக்கா இதைக் கேட்டார். கவலைப்படத்தக்க கேள்விதான். நீங்கள் பூசிய புதுச் சாந்துக்குள் கம்பி பாதுகாப்பாகிவிட்டது. ஆனால் அதே கம்பி பக்கத்தில் உப்பு ஊறிய பழைய கொங்கிரீட்டுக்குள்ளும் ஓடுகிறது. முன்பு ஒரு இடத்தில் அரித்த துரு, அந்த இடம் அடைபட்டதும் அடுத்த இடத்தில் வேலையைத் தொடங்குகிறது. அதனால்தான் துரு முடிந்த இடத்தையும் தாண்டி உடைக்கச் சொன்னேன். முடிந்ததும் பழைய இடம், புது இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தண்ணீர் இறங்காத வெளிப்பூச்சு அடியுங்கள். ஈரம் குறைந்தால் துருவின் வேகமும் குறையும். முழுச் சன்ஷேட்டிலும் உப்பு ஏறியிருந்தால், துண்டுதுண்டாகப் பூசுவதை விட இடித்துப் போடுவது நீண்ட காலத்தில் மலிவு.

எங்கள் வீட்டுக்கு இருபது வயதுதான். அதற்குள் ஏன் இப்படி?

2004 டிசெம்பர் 26க்குப் பிறகு நாவலடியிலிருந்து காரைதீவு, திருக்கோவில் வரைக்கும் கரையோரத்தில் வீடுகள் அவசரமாக எழும்பின. குடும்பங்கள் கூடாரத்தில் கிடந்த நேரம் அது, அவசரம் நியாயமானதுதான். ஆனால் அந்த வீடுகளில் பலவற்றில் நான் கண்டது, கம்பிக்கு வெளியே கொங்கிரீட் அரை அங்குலம்கூட இல்லை. கடற்காற்றுப் படும் இடத்தில் கம்பிக்கு வெளியே ஒன்றரை முதல் 2 அங்குலம் வரை வேண்டும். கம்பிக்குக் கீழே வைக்கிற சின்னச் சீமெந்துக் கட்டைதான் அதைத் தருகிறது. கட்டை வைக்காமல் பலகையின் மேலேயே கம்பியைப் போட்டால், பலகை கழற்றும் நாளிலேயே கம்பியின் நிழல் அடியில் தெரியும்.

கொங்கிரீட்டுக்கு இயல்பாகவே காரத்தன்மை உண்டு. அந்தக் காரம் இருக்கும் வரை கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் மெல்ல இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. உப்பு இன்னும் மோசம், காரம் இருந்தாலும் கம்பியின் மேலுள்ள காப்புப் படலத்தை ஓட்டை போடும். கடற்காற்று, கடல் மணல், உவர்க் கிணற்று நீர் என்று மூன்று வழியாகவும் நமக்கு உப்பு வருகிறது. காரம் எவ்வளவு ஆழம் போய்விட்டது என்று பார்க்க, புதிதாக உடைத்த கொங்கிரீட்டில் பினோப்தலீன் கரைசல் தெளிப்பார்கள். ஊதாச் சிவப்பு வந்தால் நல்ல கொங்கிரீட், நிறம் மாறாவிட்டால் காரம் போய்விட்டது. பாடசாலை இரசாயனக் கூடத்தில் நீங்கள் பார்த்த அதே கரைசல்தான். உப்பை அது காட்டாது.

மணலும் தண்ணீரும் சரியா என்று வீட்டிலேயே எப்படிப் பார்ப்பது?

மணலுக்கு ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதிக்கு மணல், முக்கால்வாசிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மூடிக் குலுக்கி, மூன்று மணித்தியாலம் அசையாமல் வையுங்கள். மணலின் மேல் சேறு ஒரு படையாகப் படியும். மணல் 10 சென்ரிமீற்றர் என்றால் சேறு அரைச் சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கழுவிப் பாவியுங்கள், அல்லது திருப்பி அனுப்புங்கள். ஆற்று மணல் என்று சொல்லி இறக்கியதில் சிப்பித் துண்டு கண்டால், ஒரு பருக்கையை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் கம்பி போகும் வேலைக்கு ஆகாது.

தண்ணீரும் அப்படியே. வாயில் வைக்க முடியாத தண்ணீரைக் கொங்கிரீட்டில் ஊற்றாதீர்கள். வாவிக் கரையிலும் கடல் கரையிலும் கோடை முற்றும்போது கிணறு உவர்க்கும். மாசியில் இனித்த கிணறு ஆடியில் கரிக்கலாம். கழுவவும் நனைத்து வைக்கவும்கூடக் குழாய் நீரே நல்லது.

எந்தச் சீமெந்து? விகிதம் என்ன?

பையில் எஸ்.எல்.எஸ் என்ற இலங்கைத் தர இலக்கம் பாருங்கள். 107 சாதாரணப் போட்லண்ட் சீமெந்து, 1247 கலப்புச் சீமெந்து. கடலோரத்துக்குக் கலப்புச் சீமெந்து நல்லது, ஆனால் மெதுவாக இறுகும், கூடுதல் நாள் நனைக்க வேண்டும். பூச்சுக்கும் கல் கட்டுக்கும் என்று மட்டும் விற்கும் பையைக் கம்பியுள்ள பழுதுக்குப் பாவிக்க வேண்டாம். பையைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். விரலால் நசுக்கினால் பொடியாகிற கட்டி பரவாயில்லை, நசுங்காத கட்டி இருந்தால் அது காலம் கடந்த சீமெந்து.

சீமெந்து, மணல், கல் என்ற வரிசையில், முற்றம், நடைபாதைக்கு 1:2:4. கம்பி போகும் இடத்துக்கு 1:1½:3. 50 கிலோ பைக்கு 25 லீற்றர் தண்ணீரைத் தாண்டாதீர்கள், மணல் ஈரமென்றால் அதிலும் குறையுங்கள். "தண்ணி கொஞ்சம் கூட விட்டா வேலை லேசு" என்று சொல்வது உண்மைதான், வேலை லேசுதான். அந்தக் கூடுதல் தண்ணீர் காய்ந்து போகும் வழியெல்லாம் துளையாகி, அதே துளையால் உப்பு உள்ளே வரும்.

விறாந்தைத் தரை கூட்டக் கூட்டத் தூளாகிறது. தோலும் உரிகிறது.

போடும்போது தண்ணீர் கூடியிருக்கும். மேலே மிதந்த தண்ணீரை உறிஞ்ச, யாரோ உலர்ந்த சீமெந்தைத் தூவி மினுக்கியிருப்பார்கள். அந்த மினுக்கல் ஒரு வருடம் கண்ணாடி போல இருக்கும், பிறகு தோலாக எழும்பும். ஒரு ஆணியால் அழுத்திக் கீறுங்கள். மேலோட்டமான கோடு மட்டும் விழுந்தால், கழுவி உலர்த்தி, தரையை இறுக்கும் சிலிக்கேற் திரவத்தை இரண்டு மூன்று தரம் பூசலாம். தூள் அடங்கும். ஆணி புதைந்து உழுதுகொண்டு போனால் அந்தப் படையைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒட்டுக் கூழ் பூசி, ஒன்றரை அங்குலமாவது புதிதாகப் போடுங்கள். கால் அங்குலச் சீமெந்தை மேலே இழுத்துவிட்டால் சப்பாத்தோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கிணற்றடிக் கொங்கிரீட் போட்ட அன்றே வெடித்தது. மேசன் ஏமாற்றிவிட்டாரா?

அவசரப்பட்டு அப்படிச் சொல்லாதீர்கள். போட்டது ஜூனா, ஜூலையா? கச்சான் காற்று அடித்ததா?

என் வீட்டுக் கிணற்றடியை நானே ஒரு ஜூன் மாதம் போட்டேன். காலை 11 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு மட்டப்பலகை இழுத்து முடித்தேன். மேற்கேயிருந்து வரும் அந்தக் காய்ந்த காற்று வளவுத் தென்னோலையை உலுக்கிக்கொண்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், ஒரு சாண் நீளத்தில், ஒன்றுக்கொன்று சமாந்தரமாக ஏழெட்டு வெடிப்பு. கொங்கிரீட் இன்னும் விரல் பட்டால் பதியும் பதத்தில்தான் இருந்தது. உள்ளேயிருந்து தண்ணீர் மேலே வருவதை விட வேகமாகக் காற்று அதைக் குடித்துவிட்டது, மேல்தோல் சுருங்கிக் கிழிந்துவிட்டது. நல்ல சீமெந்து, நல்ல மணல், சரியான விகிதம், எல்லாம் இருந்தும் வெடித்தது. அன்றிலிருந்து கச்சான் காலத்தில் திறந்த வெளி வேலையை விடியற்காலையில் தொடங்கி 9 மணிக்கு முடிக்கிறேன், அல்லது பின்னேரம் 4 மணிக்குப் பிறகு தொடங்குகிறேன். நிலத்தை முன்பே நனைத்து, மேற்குப் பக்கம் படங்கு கட்டி, மட்டம் இழுத்த உடனே பொலித்தீனால் மூடுகிறேன்.

இப்படி வந்த வெடிப்பு பதம் தப்புவதற்குள் கண்ணில் பட்டால் மட்டப்பலகையால் மறுபடி அழுத்தி மூடலாம். இறுகிவிட்டால், ஒரு மாதம் கழித்து, தூசு எடுத்து, எஸ்.பி.ஆர் கலந்த சீமெந்துக் கூழைத் தேய்த்து நிரப்புங்கள். தரை பலமாகவே இருக்கும்.

பழுது பார்த்த இடத்தை எத்தனை நாள் நனைக்க வேண்டும்?

சாதாரணச் சீமெந்து என்றால் 7 நாள், கலப்புச் சீமெந்து என்றால் 10 நாள். நாளைக்கு இருமுறை வாளியால் அடிப்பது நனைத்தல் ஆகாது. இடையில் காய்ந்தால் பயனில்லை. பழைய சாக்கை நனைத்து விரித்து, அதற்கு மேல் பொலித்தீன் போட்டு, ஓரத்தில் கல் வையுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் அடியில் கறுத்த ஈரம் தெரிய வேண்டும். எஸ்.பி.ஆர் கலந்த சாந்துக்கு மட்டும் முறை வேறு. முதல் ஓரிரு நாள் ஈரமாக மூடி வைத்து, பிறகு காய விடுங்கள். கலனில் எழுதியிருப்பதைக் கடைக்காரரிடமாவது வாசித்துக் கேளுங்கள்.

முற்றத்துக் கொங்கிரீட் ஒரு பக்கம் இறங்கிவிட்டது. தட்டினால் வெறுமையாகக் கேட்கிறது.

வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரை மணலில் இது மழைநீர் செய்கிற வேலை. கூரைப் பீலியிலிருந்து கொட்டும் தண்ணீர் கொங்கிரீட் ஓரத்தில் இறங்கி, அடியிலிருக்கும் மணலை அரித்துக்கொண்டு போகிறது. தகடு மாதிரி நிற்கும் கொங்கிரீட், ஒருநாள் முச்சக்கர வண்டி ஏறியதும் உடைகிறது. முதலில் தண்ணீரைத் திருப்புங்கள். பீலிக்குக் குழாய் வைத்து ஓரத்திலிருந்து தள்ளி விடுங்கள். பிறகு உடைந்த துண்டை எடுத்து, மணலை நிரப்பி, தண்ணீர் விட்டு இறுக்கி, ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே இறங்கும் கொங்கிரீட் விளிம்போடு புதிதாகப் போடுங்கள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கதை வேறு. வயல் களி மாரியில் ஊதும், கோடையில் சுருங்கிப் பிளக்கும். அதன் மேல் நேராகப் போட்ட தரை ஒவ்வொரு வருடமும் ஏறி இறங்கும். மேலே ஒட்டுப் போட்டுப் பிரயோசனமில்லை. களியை ஓர் அடியாவது எடுத்து, கிரவல் நிரப்பி இறுக்கி, அதன் மேல் போட வேண்டும். சுவரோடு ஒட்டாமல் அரை அங்குல இடைவெளியும், 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டும் விடுங்கள். வெடிப்பு வந்தாலும் அந்த வெட்டில் வரும்.

மேல்தட்டு (மொட்டைமாடிக் கொங்கிரீட்) ஒழுகுகிறது. தார் பூசலாமா?

பூசலாம், இரண்டு மூன்று வெயில் தாங்கும். கறுப்பு வெயிலைக் குடித்து அறையையும் அடுப்பாக்கும். முதலில் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். வடிகுழாய் வாயை அடைத்து, ஒரு அங்குலத் தண்ணீரை 24 மணித்தியாலம் நிறுத்தி, அடியில் ஈரம் எங்கே கிளம்புகிறது என்று அடையாளம் வையுங்கள். முக்கால்வாசி வீடுகளில் நான் கண்டது, ஒழுக்கு தட்டின் நடுவில் இராது. கைச்சுவர் சேரும் மூலையிலும் வடிகுழாய் வாயைச் சுற்றியும்தான் இருக்கும்.

மூலை நெடுகச் சாந்தால் உருண்டையான சரிவு வையுங்கள். குழாய் வாயைக் கொத்தி, சுருங்காத சாந்தால் அடையுங்கள். 10 அடிக்கு ஒரு அங்குலமாவது சாய்வு இருக்க வேண்டும், இல்லையென்றால் சாய்வுச் சாந்து போடுங்கள். பிறகு சீமெந்தும் பொலிமரும் கலந்த இரண்டு பாகப் பூச்சை, ஒன்று நெடுக்கே, அடுத்தது குறுக்கே. மூலையில் வலைத்துணியும் சேர்த்து. அடியிலிருந்து கூரைக்கு வெள்ளை அடித்து மறைப்பது ஒழுக்கை நிறுத்தாது, கம்பி நனைவது கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

சுவரின் அடியில் வெள்ளை உப்புப் பூக்கிறது. அசிட் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டாம். கழிப்பறைக்கு ஊற்றும் அந்த அசிட்டிலும் இரும்பை அரிக்கும் உப்புத்தான் இருக்கிறது, கம்பியுள்ள கொங்கிரீட்டில் அது படவே கூடாது. காய்ந்திருக்கும்போது உலர்ந்த தூரிகையால் தேய்த்து, அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வரை பெயின்ற் அடிக்காதீர்கள்.

வாசற்படியின் மூலை உடைந்துவிட்டது. ஒட்டினால் மாட்டின் கால் பட்டாலே விழுகிறது.

சாந்து மட்டும் அங்கே பிடிக்காது. உடைந்த முகத்தில் இரண்டு துளை போட்டு, துருப்பிடிக்காத திருகாணி இரண்டை இறுக்கி, தலை வெளியே நிற்க விடுங்கள். பலகை வைத்து, ஒட்டுக் கூழ் பூசி, சாந்தை இறுக்கி அடையுங்கள். ஒரு வாரம் அந்தப் பக்கம் யாரும் மிதிக்காமல் கதிரை ஒன்றைக் குறுக்கே வையுங்கள்.

மலசலகூடக் குழியின் மூடி வெடித்திருக்கிறது. மேலே பூசி விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். குழிக்குள் எழும் நாற்றவாயு, மூடியின் அடிப்பக்க ஈரத்தில் நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாகிறது. அது கொங்கிரீட்டை அடியிலிருந்து தின்னும். மேலே 3 அங்குல மூடி போலத் தெரிவது உள்ளே ஒரு அங்குலமாக இருக்கலாம், கம்பி முழுவதும் போயிருக்கலாம். அதன் மேல் பிள்ளைகள் ஓடுவார்கள். இன்றைக்கே சுற்றி வேலி போட்டு, புது மூடி வார்த்து மாற்றுங்கள். மாற்றும்போது யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது, ஒரு நிமிடத்துக்கும் கூடாது. அந்த வாயு ஆளை மயக்கி விழுத்தும், தூக்கப் போனவரையும் விழுத்தும்.

வேலைக்கு எந்த மாதம் நல்லது?

மாசி முதல் சித்திரை வரை முதல் தெரிவு. அடுத்தது புரட்டாசி. ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வெளி வேலையைத் தொடங்க வேண்டாம். மழை விட்டு வெயில் எறிக்கும் இரண்டு நாளைப் பார்த்து ஏமாறாதீர்கள், கொங்கிரீட் உள்ளே நனைந்தே இருக்கும். வெளிப்பூச்சு எதுவும் அதில் ஒட்டாது. அவசரமென்றால் படங்கு கட்டி முட்டுக் கொடுத்து வைத்து, மழை முடிந்த பிறகு செய்யுங்கள்.

மேசனிடம் என்ன பேசிக்கொள்ள வேண்டும்?

சதுர அடிக் கணக்கில் பேசினால் அவர் வேகமாகப் பூசி முடிக்கப் பார்ப்பார், அது அவர் பிழையல்ல. பழுது வேலைக்கு நாள் கூலி பேசுங்கள். உடைத்து முடித்ததும் பூசும் முன் உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள், அந்த நேரத்தில் நீங்கள் வீட்டில் நில்லுங்கள். நல்ல மேசன் அதற்குச் சந்தோசப்படுவார். வெயிலில் தொங்கிக்கொண்டு உடைக்கும் வேலைக்கு மதிப்புக் கொடுங்கள், தேத்தண்ணியும் கொடுங்கள். கிறைண்டர் பிடிக்கும்போது தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள், முகமூடியும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போனால் திரும்ப வராது. என்னோடு வேலை பழகிய ஒரு அண்ணன் இப்போது பத்துப் படி ஏற முடியாமல் இருக்கிறார்.

எப்போது பொறியியலாளரைக் கூப்பிட வேண்டும்?

தூணிலோ பீமிலோ கம்பி தெரிந்தால். தட்டு நடுவில் தொய்ந்திருந்தால். கதவு திடீரென்று இறுகத் தொடங்கினால். வெள்ளம் வடிந்த பிறகு புது வெடிப்பு வந்தால். தூணைச் சுற்றி உடைப்பதற்கு முன் பாரத்தை எங்கே முட்டுக் கொடுத்து இறக்குவது என்று கணக்குப் போட வேண்டும், அது மேசனோ நானோ கண்ணளவில் சொல்லக்கூடியதல்ல. பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேட்டால் யாரிடம் போவது என்றாவது சொல்வார்.

பாதிப் பை சீமெந்து மிச்சம். அடுத்த மாரிக்கு வைக்கலாமா?

நம் கடற்காற்றில் திறந்த பை ஒரு மாதத்தில் கட்டியாகத் தொடங்கும். பொலித்தீன் பை இரண்டில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, வாளிக்குள் வைத்து இறுக்கி மூடி, நிலத்தில் படாமல் பலகை மேல் வையுங்கள். இரண்டு மாதத்துக்குள் மதிலடி, பூச்சட்டி, சாக்கடை ஓரம் என்று எதற்காவது பாவித்து முடியுங்கள். கம்பி உள்ள இடத்துக்கு மட்டும் புதுப் பை வாங்குங்கள்.